ஒற்றும் ஓர்தலும்: ஐயுறப்பட்டார் திறத்துத் தமிழிலக்கியம் காட்டும் நெறி

1. ஆராய்ச்சிப் பொருள்

குடிகளைக் காத்தல் அரசின் கடமை. காத்தற்கு அறிதல் வேண்டும். அறிதற்கு ஒற்று வேண்டும். ஒற்றுக்கு எல்லை இல்லையாயின், காக்கப்படும் குடியே காவலனுக்கு அஞ்சி வாழும் நிலை எய்தும். அரசியலின் பழைய சிக்கல் இது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களைப் பற்றிய இற்றை நாள் வழக்குகளில் எல்லாம் இச்சிக்கலே வேறுவேறு வடிவில் தலைகாட்டுகின்றது. 1998 பிப்ரவரி 14ஆம் நாள் கோயம்புத்தூரில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்து 50க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2008 நவம்பரில் மும்பை மாநகர் மூன்று நாள் துன்புற்றது. இத்தகைய கொடுமைகளைக் கண்ட மக்கள் அரசின் கையை வலுப்படுத்த விழைதல் இயல்பே. அவ்வாறு வலுப்பெற்ற கை, குற்றமற்றான் ஒருவன்மேல் விழுமாயின் அவனுக்குப் புகல் யாது என்னும் வினாவும் உடன் எழுதல் இயல்பே.

இவ்வினாவுக்கு விடை தேடுவார் தமிழ் நூல்களையும் சான்று காட்டுவதுண்டு. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தைக் காட்டி, எல்லாரையும் எக்காலத்தும் கண்காணித்தல் வள்ளுவர் உடன்பட்ட அரசநெறி என்பார் ஒரு சாரார். செங்கோன்மை அதிகாரத்தைக் காட்டித் தனிமனித உரிமையைப் பண்டே கண்டவர் தமிழர் என்பார் மற்றொரு சாரார். நூலின் ஒரு கூற்றை மட்டும் நோக்கியதால் எழுந்த முடிபுகள் இவை. திருக்குறள், புறநானூறு, சிலப்பதிகாரம் ஆகிய மூன்றும் ஐயுறப்பட்டாரைப் பற்றிக் கூறுவனவற்றை ஒருங்கு வைத்து நோக்கின் வேறொரு முடிபு பெறப்படும். அதனை நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று அறநூல், ஒன்று தொகைநூல், ஒன்று காப்பியம்; காலமும் ஒன்றன்று. ஆதலின் இவற்றை ஒரே சட்டத்தின் மூன்று பிரிவுகளாகக் கொள்ளாது, ஒரே சிக்கலை மூன்று கோணத்தினின்று நோக்கிய நூல்களாகவே ஈண்டுக் கொள்கின்றோம்.

2. ஒற்றாடலின் எல்லை

ஒற்றாடல் திருக்குறளின் 59ஆம் அதிகாரம். இரண்டாம் குறள், எல்லாரிடத்தும் நிகழ்வனவற்றையெல்லாம் எந்நாளும் விரைந்து அறிதல் வேந்தன் தொழில் என்கின்றது. வரம்பற்ற கண்காணிப்புக்கு ஆணை இஃது என்பார்க்கு இக்குறளே பெருஞ்சான்று. பரிமேலழகரும் பகைவர், நொதுமலர், நட்டார் ஆகிய முத்திறத்தாரையும் இதனுள் அடக்கி, அவர்தம் நல்லனவும் தீயனவுமாகிய சொல்லும் செயலும் அறியப்பட வேண்டியன என உரை காண்பர்.

இக்குறளில் அனைவரையும் குறிக்கும் சொல் நான்காம் வேற்றுமை உருபேற்று நிற்பது ஊன்றி நோக்கத்தக்கது. மக்கள் செய்வனவற்றை அறிதல் என்பதினும், மக்களுக்கு நேர்வனவற்றை அறிதல் என்னும் பொருளுக்கு அவ்வுருபு நேரிதின் இடந்தருகின்றது. குடிகளுக்கு நேரும் இன்ப துன்பங்களை அரசன் அறியாதிருத்தல் ஆகாது என்பது அப்பொருளின் கருத்து. நாள்தோறும் நாடிப்பார்த்து முறைசெய்யாத வேந்தன் நாள்தோறும் தன் நாட்டை இழப்பான் எனக் கொடுங்கோன்மை அதிகாரம் கூறுவதும் இதற்கு அரண் செய்யும். பரிமேலழகர் உரையை விலக்கும் கருத்தினேம் அல்லேம். அவ்வுரையோடு இப்பொருளும் இலக்கணத்துக்கு ஒத்து நிற்கின்றது என்பதே எம் கூற்று. இரு பொருளுக்கு இடந்தரும் குறள் ஒன்றை வரம்பற்ற கண்காணிப்புக்குத் தனிச்சான்றாக்குதல் பொருந்தாது.

நான்காம் குறள் ஒற்றுக்கு உரியாரை வரிசைப்படுத்துகின்றது. முதற்கண் வைக்கப்பட்டவர் அரசனின் பணி செய்வோர். அடுத்து அவன் சுற்றத்தார். மூன்றாவதாகவே அவனை வேண்டாதார். அதிகாரத்தைக் கையில் உடையாரும், அதற்கு அணுக்கராய் இருப்பாரும் முதலில் ஆராயப்படுகின்றனர். ஒற்று என்றவுடன் குடிமக்களை நோக்கித் திரும்பும் கண்ணை வள்ளுவர் முதலில் அரண்மனைக்குள் திருப்புகின்றார். அவர் வைப்புமுறையில் ஒன்றும் வறிதே அமைவதில்லை எனக் கொள்ளும் நாம் இவ்வரிசையையும் பொருளுடையதாகவே கொள்ளல் வேண்டும்.

அதிகார வைப்பும் நோக்கத்தக்கது. ஒற்றாடலுக்கு முன்னர் நிற்பது கண்ணோட்டம். அங்கு, அருளில்லாத கண்ணைப் புண் என்று ஒதுக்கும் ஆசிரியர், இங்கு ஒற்றினை அரசனின் கண் என்கின்றார். இரு அதிகாரத்துக்கும் உருவகம் கண்ணே. முன்னதை மறந்து பின்னதை மட்டும் கொள்வார் கையில் ஒற்று புண்ணாகவே முடியும். அவ்வாறே செங்கோன்மையின் இறுதிக் குறள் கொடியோரைக் கொலையால் ஒறுத்தலைக் களை பறித்தலுக்கு ஒப்பிட, அடுத்து வரும் கொடுங்கோன்மையின் முதற்குறள் குடிகளை அலைக்கும் வேந்தனைக் கொலைத்தொழில் மேற்கொண்டாரினும் கொடியன் என்கின்றது. ஒறுக்கும் அதிகாரத்தை முழுதும் அளித்த கை, மறு குறளிலேயே அதன் இழுக்கத்தை எடுத்துக்காட்டி நிற்கின்றது.

இவ்வளவும் கொண்டு, அந்தரங்கம் என்னும் தனியுரிமையை வள்ளுவர் கண்டார் என்று முடிவு கட்டுதல் மிகை. துறவுக்கோலம் பூண்டு எவ்விடத்தும் புகுந்து ஆராயும் ஒற்றனை அவர் உடன்படுகின்றார். மறைந்து கேட்டலையும் விலக்கவில்லை. ஒற்றப்படுவான் தன் மனைக்கண் தனித்திருக்கும் உரிமை பற்றி அவ்வதிகாரத்தில் ஒரு சொல்லும் இல்லை. இல்லாததை இருப்பதாகக் கூறுதல் நூலுக்குப் பெருமை ஆகாது. வள்ளுவர் வகுத்த எல்லை ஒற்றினால் அறிதற்கு அன்று, அறிந்ததை நம்புதற்கே.

3. மூவர் சொல்

ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனால் ஒற்றிக்கொள்க என்றும், ஒற்றரை ஒருவரை ஒருவர் அறியாதவாறு ஆள்க என்றும், அவ்வாறு ஆண்ட மூவர் சொல் ஒத்துவரின் தெளிக என்றும் அவ்வதிகாரம் விதிக்கின்றது. மூவர் கூற்று ஒத்தலே தெளிவுக்கு அடையாளம் என்னும் விதி கௌடலீயத்தின் முதல் அதிகரணத்திலும் உண்டு. ஆயின் மூவர் என்னும் தொகையினும் அவர் ஒருவரை ஒருவர் அறியாமையே இவ்விதியின் உயிர் என்பது தெளிவு. ஒருவர் சொல்லைக் கேட்டு மற்றவர் சொல்வாராயின் மூன்று வாயும் ஒரு வாயே.

கௌடலீயம் பிறிதோர் இடத்தில் இன்னும் ஒரு படி செல்கின்றது. நான்காம் அதிகரணத்தில் ஐயுறப்பட்டாரை உசாவும் முறையைக் கூறுமிடத்து, வதைக்கு அஞ்சிக் கள்வன் அல்லாதானும் தன்னைக் கள்வன் என்று ஒப்புக்கொள்ளக்கூடும் என்பதற்கு மாண்டவியர் கதையைச் சான்றாகக் காட்டுகின்றது. வதைத்து உசாவுதலையே ஒரு முறையாக வகுத்த நூலும் அதன் பயனை முழுதும் நம்பவில்லை.

வள்ளுவர் விதி சிறந்ததே. எனினும் அதில் ஒரு குறை உண்டு. மூவரும் அரசனின் ஆட்கள். அவர்களை ஒத்துப்பார்ப்பவனும் அரசனே. எவனைப் பற்றி அவர் பேசுகின்றனரோ அவன் அவ்விடத்தில் இல்லை. அரசன் ஏமாறாமைக்கு வகுத்த காப்பு அது. ஐயுறப்பட்டான் அழியாமைக்கு வகுத்தது அன்று. அக்குறையை உணர்தற்குப் புறநானூற்றுக்கும் சிலப்பதிகாரத்துக்கும் செல்லல் வேண்டும்.

4. கோவூர்கிழாரின் இரு பாடல்கள்

புறநானூற்றின் 46, 47ஆம் பாடல்கள் இரண்டும் கோவூர்கிழார் பாடியவை. இரண்டும் உயிர்காத்த பாடல்கள். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், மலையமான் மக்களை யானைக்கு இட முற்பட்டபோது பாடியது முன்னது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனைக் காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி ஒற்றன் எனக் கருதிக் கொல்லப் புகுந்தபோது பாடியது பின்னது. முன்னதில் குற்றம் பிறப்பால் வந்தது. பின்னதில் வந்த வழியால் வந்தது. பகைவன் மக்கள் ஆதலின் பகைவர். பகைவனிடமிருந்து வந்தான் ஆதலின் ஒற்றன். ஐயத்தின் இவ்விரு வழிகளும் இன்றும் மாறவில்லை.

நெடுங்கிள்ளியின் ஐயம் முற்றும் காரணமற்றது என்று கூறுதற்கில்லை. அவனும் நலங்கிள்ளியும் சோழர் குடியினரே ஆயினும் தம்முள் பகைத்தவர். நலங்கிள்ளி உறையூரை முற்றியிருந்தமையை 45ஆம் பாடலின் கொளு உரைக்கின்றது. அத்தகைய பகைக்காலத்தில் மாற்றான் ஊரினின்று வரும் வழிப்போக்கனை ஐயுறுதல் காவலனுக்கு இயல்பு. கோவூர்கிழாரும் அவ்வியல்பை மறுக்கவில்லை. ஒற்று என்னும் சொல்லே அவர் பாட்டில் இல்லை. குற்றச்சாட்டைக் கொளு கூறுகின்றதேயன்றிப் பாட்டுக் கூறவில்லை. உரையாசிரியர் பலரும் விரித்துரையாது செல்லும் இடம் இது.

பாட்டுக் கூறுவது யாது? வள்ளல்களை நாடிப் பறவைபோல் நெடுவழி கடந்து செல்லுதல், பயின்றவாறு பாடுதல், பெற்றதற்கு மகிழ்தல், சுற்றத்தை உண்பித்தல், சேர்த்து வையாது உண்ணுதல், மனஞ்சுருங்காது வழங்குதல், தகுதியறிந்து தரும் சிறப்புக்கு மட்டுமே ஏங்குதல் என இரவலர் வாழ்வைப் புலவர் வரிசைப்படுத்துகின்றார். இவ்வாழ்வு பிறர்க்குத் தீங்கு நினைத்தல் உண்டோ என வினவி, இல்லை எனத் தாமே விடையும் இறுக்கின்றார். கல்வியால் மாற்றாரை நாணச் செய்து தலைநிமிர்ந்து நடத்தல் ஒன்றே அவ்வாழ்வில் உள்ள வெற்றி என்றும், அப்பெருமிதம் மண்ணாளும் வேந்தர் பெருமிதத்துக்குக் குறைந்ததன்று என்றும் முடிக்கின்றார்.

இவ்வாதத்தின் திறன், ஐயத்துக்குக் காரணமாயின அனைத்தும் வாழ்க்கை முறையால் விளக்கம் பெற்றுவிடுதலில் உள்ளது. ஊர்விட்டு ஊர் செல்லுதல் ஒற்றன் அடையாளம்; அதுவே பரிசிலன் அடையாளமும். பல வேந்தரைக் காணுதல் ஒற்றன் செயல். அதுவே பரிசிலன் செயலும். ஒரு செயலுக்கு இரு பொருள் இயலுமாயின் தீய பொருளை மட்டும் கொண்டு ஒறுத்தல் ஆகாது என்பது புலவர் வாதத்தின் சாரம்.

46ஆம் பாடல் இன்னும் எளிமையுடையது. புறாவின் துயர் தீர்த்தவன் மரபில் வந்தவன் நீ. இவர்களோ புலவர் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகுத்துண்டார் மரபினர். யானையைக் கண்டு அழுத அழுகையையும் மறந்து, புதிய மன்றத்தை மருண்டு நோக்கும் சிறுவர் என்று கூறிவிட்டு, இதனைக் கேட்டுக்கொண்டபின் உன் விருப்பப்படி செய்க என்று அரசனிடமே விட்டுவிடுகின்றார். ஒறுக்கும் அதிகாரத்தைப் புலவர் பறிக்கவில்லை. அதற்கு முன்னர்க் கேட்டல் என்னும் ஒரு படியை மட்டும் வைக்கின்றார்.

இனி ஒன்று கருதத்தக்கது. சிறுவர் பேசவில்லை; பேச அறியார். இளந்தத்தனோ புலவன், சொல்வன்மை உடையவன், அவனும் பேசவில்லை. அவனுக்காகப் பேசியவர் வேந்தர் இருவரும் மதிக்கும் கோவூர்கிழார். அவர் அன்று அவ்வூரில் இல்லாதிருப்பின் என் செய்வது? இவ்வினாவுக்குப் புறநானூற்றில் விடை இல்லை. சிலப்பதிகாரத்தில் உண்டு.

5. கொலைக்களத்தில் ஐயம் சான்றான முறை

கோவலன் கொலைக்குக் காரணம் பாண்டியன் ஆராயாமை என்பது யாவரும் அறிந்தது. ஆராயாமை நிகழ்ந்த முறையை அடிகள் படிப்படியாகக் காட்டியிருத்தல் அத்துணை நோக்கப்படவில்லை.

அரசன் ஆணையில் ஒரு நிபந்தனை உண்டு. சிலம்பு அக்கள்வன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று கொணர்க என்பதே ஆணை. தோற்றத்தில் இஃது ஓர் ஆராய்ச்சி போன்றது. ஆயின் கையில் இருக்கின்றதா என்பது ஒரு வினா. யாருடையது என்பது வேறு வினா. முன்னதை மட்டும் ஆணை வினவிற்று. பின்னதை வினவுதற்கு நீண்ட நேரம் வேண்டியிருந்ததும் இல்லை. உள்ளிருப்பது யாது என்று கேட்டிருப்பின் போதும். அவ்வொரு வினாவே வழக்குரை காதையில் வழக்கை முடித்தது. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். தேவியின் ஊடல் தீர்க்க விரைந்தவனுக்கு அச்சிறு பொழுதும் இல்லாமற் போயிற்று.

கொலைக்களக் காதையில் வரும் காவலர் உரையாடல் இன்னும் நுட்பமானது. கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கொலைக்குரியான் தோற்றம் அன்று என்கின்றனர். ஐயுறப்பட்டானுக்கு ஆதரவான ஒரே குரல் அது. பொற்கொல்லன் அதனை மறுத்துச் சான்று காட்டவில்லை, நகைக்கின்றான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணையாவன எட்டனையும் எண்ணிக் காட்டுகின்றான். தூதர் கோலத்தில் வந்து இளவரசன் ஆரத்தைக் கவர்ந்த கள்வன் கதையையும் உரைக்கின்றான். இதன்பின் கோவலனின் நல்ல தோற்றமே அவன் வஞ்சகத்துக்குச் சான்றாகிவிடுகின்றது. கள்வன்போல் தோன்றினும் கள்வன். தோன்றாவிடினும் திறமை மிக்க கள்வன். குற்றமின்மையைக் காட்டும் எதுவும் குற்றத்தின் மறைப்பாகவே கொள்ளப்படும் நிலையில், ஐயத்தினின்று மீளும் வாயில் அடைபட்டுப்போகின்றது.

அடுத்துப் பேசும் இளங்காவலன், மழைக்கால நள்ளிரவில் தான் எதிர்ப்பட்ட கள்வன் ஒருவன் தன் வாளையே பறித்து மறைந்த கதையைக் கூறுகின்றான். அக்கள்வன் வேறு, கோவலன் வேறு. கோவலனைப் பற்றி அவ்வீரன் அறிந்தது ஒன்றுமில்லை. அவன் அறிந்தது அச்சம் ஒன்றே. அவ்வச்சம் ஈண்டுச் சான்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. பொற்கொல்லன் கூற்று, அவன் கூறிய பழங்கதை, வீரன் கதை என மூன்றும் ஒத்துவிட்டன போல் தோன்றும். ஆயின் ஒன்றைக் கேட்டு மற்றொன்று எழுந்தமையின் அவை வள்ளுவர் கூறிய மூவர் சொல் ஆகா. முடிவில் வாளை எறிந்தவன் கல்வியறிவில்லாக் களிமகன் ஒருவன் என்கின்றார் அடிகள். ஆணை பிறந்தது அரியணையில். அது நிறைவேறியது கட்குடியன் கையில். மேலிருந்து தளர்வாக விடுக்கப்படும் ஆணை கீழே எவர் கையை அடையும் என்பதை ஆணையிடுவோர் கருதுவதில்லை.

இங்கும் கோவலன் தன் வழக்கைக் கூறவில்லை. தான் ஐயுறப்பட்டமையே அவன் அறியான். சிலம்பைக் காண வந்தார் என்றே அவனுக்குக் கூறப்பட்டது. அறியாத குற்றத்துக்கு விடை கூறுதல் எவர்க்கும் இயலாது. அவன் வழக்கை அவன் மனைவி பின்னர் உரைத்தாள், அவள் வென்றாள், அவன் மீளவில்லை.

6. இற்றைச் சட்டத்தோடு ஒப்பு

ஐயுறப்பட்டான் பேசாமை என்னும் இப்பொருள் குடியரசின் தொடக்கத்திலேயே நம் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. 1950ஆம் ஆண்டின் தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ்ச் சென்னை மாநிலத்தில் அடைக்கப்பட்டிருந்த பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கு அது. நீதிமன்றம் அச்சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்றது. ஆயின் காவலுக்குரிய காரணங்களை நீதிமன்றத்திடம்கூட வெளிப்படுத்தலாகாது எனத் தடுத்த 14ஆம் பிரிவைச் செல்லாது என்றது. அரசின் அதிகாரத்தைப் பெரிதும் உடன்பட்ட தீர்ப்பும் வாய்ப்பூட்டை மட்டும் உடன்படவில்லை.

ஒப்புதல் வாக்குமூலம் பற்றிய வரலாறும் நோக்கத்தக்கது. தடாச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் பதிவு செய்த ஒப்புதலைச் சான்றாக ஏற்றது. 1994இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லும் என்றது. 1991 மே 21இல் திருப்பெரும்புதூரில் நிகழ்ந்த இராஜீவ் காந்தி கொலை வழக்கு அச்சட்டத்தின்கீழ் ஆராயப்பட்டது. 1998 சனவரியில் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நால்வர்க்கு மட்டும் அதனை உறுதி செய்து, மூவர்க்கு ஆயுள் தண்டனையாக்கி, 19 பேரைக் கொலைக் குற்றத்தினின்று விடுவித்தது. நிகழ்ந்த கொடுமை ஐயத்துக்கு இடமற்றது. அதற்கு உரியார் யாவர் என்பதே வினா. மறு ஆராய்ச்சி என்னும் படி இல்லாதிருப்பின் அப்பத்தொன்பதின்மர் நிலை கோவலன் நிலையாகியிருக்கும். தடா 1995இல் காலாவதியாயிற்று.

தொலைபேசி உரையாடலை ஒட்டுக்கேட்டல் பற்றி 1996 டிசம்பரில் பிறந்த தீர்ப்பு, ஆணைக்கு இரண்டு திங்கள் வரம்பும், நீட்டித்தாலும் ஆறு திங்களுக்கு மேற்படாமையும், மறுஆய்வுக் குழுவும் வகுத்தது. மையத்தில் அக்குழு அமைச்சரவைச் செயலர், சட்டச் செயலர், தொலைத்தொடர்புச் செயலர் ஆகிய மூவரால் ஆயது. இம்மூவர் அமைப்பு வள்ளுவர் மூவரை நினைவூட்டும். அதன் குறையும் அதுவே. மூவரும் ஒரே அரசின் செயலர். கேட்கப்பட்டவன் அங்கு இல்லை. நீதிபதி ஒருவரின் முன்னிசைவு வேண்டும் என்னும் கோரிக்கையை நீதிமன்றம் அன்று ஏற்கவில்லை.

2017 ஆகஸ்டு 24இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என ஒருமனதாகக் கூறிற்று. அதில் தலையிடும் அரசு, சட்டத்தின் இசைவும், தகுதியான நோக்கமும், நோக்கத்துக்கு ஏற்ற அளவும் காட்டுதல் வேண்டும் என்பது அத்தீர்ப்பால் பெறப்பட்டது. இவற்றுள் அளவு என்பது நம் நூலுக்குப் புதிதன்று. கோலை ஓங்குங்கால் கடிதாகவும் வீழ்த்துங்கால் மெல்லவும் செய்க என்னும் வள்ளுவர் கருத்து அதுவே. உரிமை என்பது புதிது. அதனைப் பழமையின்மேல் ஏற்றாது, புதுமையாகவே வரவேற்றல் நேர்மை.

சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த பிணை விதி இவ்விடத்து எண்ணத்தக்கது. குற்றச்சாட்டு முதல் நோக்கில் உண்மை என நம்ப இடமிருப்பின் பிணை இல்லை என்பது அவ்விதி. அரசு தொகுத்த ஏடுகளைக் கொண்டே முதல் நோக்கு அமையும். குற்றஞ்சாட்டப்பட்டான் தன் சான்றை முழுதும் காட்டுதற்குரிய வழக்கு விசாரணையோ ஆண்டுகள் கழித்து வரும். சிலம்பு கையில் உள்ளதா என்னும் முதல் வினாவுக்கும், யாருடையது என்னும் இரண்டாம் வினாவுக்கும் இடையே கழியும் காலத்தைச் சிறையில் கழிப்பவன் அவனே. நெடுங்காலம் விசாரணையின்றி அடைபட்டானுக்கு அரசியலமைப்பு நீதிமன்றங்கள் பிணை வழங்குதற்கு இவ்விதி தடையாகாது என 2021இல் உச்ச நீதிமன்றம் கூறியது அவ்விடைவெளியைக் குறைக்க எழுந்ததேயாகும்.

7. முடிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. ஒன்று: தமிழ் நூல்கள் ஒற்றினை விலக்கவில்லை, கொடியோரை ஒறுத்தலையும் விலக்கவில்லை. இரண்டு: ஒற்றினால் அறிதல் வேறு, ஒறுத்தல் வேறு, இரண்டற்கும் இடையே ஓர்தல் நிற்றல் வேண்டும் என்பது மூன்று நூலுக்கும் பொது. மூன்று: அவ்வோர்தலில் ஐயுறப்பட்டானுக்கு உரிய இடத்தைப் பழைய நூல்கள் விதியாக வகுக்கவில்லை. வள்ளுவர் மூவரைக் கேட்கச் சொன்னார். அவனைக் கேட்கச் சொன்னாரில்லை. கோவூர்கிழார் அவனுக்காகப் பேசினார். அஃது ஒரு சான்றோனின் அருள், ஒருவனின் உரிமை அன்று. இளங்கோவடிகள் அவன் பேசாமையின் விளைவைக் காட்டினார். அவ்விளைவில் மதுரை எரிந்தது, வேந்தன் உயிர் நீத்தான். அரசின் காவலும் ஒருவனைக் கேளாமையால் அழியும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.

ஆதலின் அரசின் காவலையும் தனியொருவன் உரிமையையும் துலாக்கோலின் இரு தட்டுகளாகக் கொண்டு, ஒன்று தாழ்ந்தால் மற்றொன்று உயரும் எனக் கருதுதல் முற்றும் பொருந்தாது. ஓர்தல் உள்ள இடத்து இரண்டும் நிற்கும். இல்லாத இடத்து இரண்டும் வீழும். கோவூர்கிழார் இல்லாத ஊரிலும் இளந்தத்தன் பிழைத்தல் வேண்டும். சட்டம் வேண்டப்படுவது அதற்காகவே.